பிஏ தத்துவம் சேர நான்கு வழிகள்: தமிழ்நாடு, டெல்லி, அசோகா, இல்லையென்றால் வேறு டிகிரி?

பிளஸ் டூ முடித்த பிள்ளை "தத்துவம் படிக்கப் போறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் "அதுக்குப் பேசாம பி.காம். போட்டுடு" என்பார்கள். அந்தக் கட்டத்தை ஒருவழியாகத் தாண்டிவிட்டு, எங்கே விண்ணப்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்வதா, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டை எழுதி டெல்லி போவதா, தனியார் பல்கலைக்கழகம் பார்ப்பதா, இல்லை இப்போதைக்கு வேறு ஏதாவது படித்துவிட்டு எம்.ஏ.வில் பார்த்துக்கொள்வதா?

என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அங்கே உங்களை எவ்வளவு படிக்க வைப்பார்கள், நீங்கள் எழுதியதை உட்கார்ந்து திருத்தித் தர யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். தத்துவத்தில் பாதிப் படிப்பு அதுதான். ஆய்வுக்கூடம் கிடையாது, விலை உயர்ந்த கருவி கிடையாது. புத்தகமும் வாத்தியாரும் எதிர்வாதம் பேச நாலு பேரும் போதும்.

## எதை வைத்து எடைபோடுவது?

மொழி முதலில். தமிழ்வழியில் படித்துவிட்டு முதல் செமஸ்டரிலேயே ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டை ஆங்கிலத்தில் படிப்பது முடியாத காரியமல்ல. ஆனால் அதற்கு ஒரு வருடம் பழகக் காலம் தரும் கல்லூரி வேண்டும். தராத கல்லூரியில் பிள்ளை தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, பாடத்திட்டம். கல்லூரி இணையதளத்தில் கிடைக்கும், இறக்கிப் பாருங்கள். தர்க்கவியல் எத்தனை பேப்பர்? மூல நூலை வரிவரியாகப் படிக்கும் பேப்பர் ஒன்றாவது உண்டா? முடிந்தால் பழைய கேள்வித்தாள் ஒன்றையும் தேடிப் பிடியுங்கள். "சிறுகுறிப்பு வரைக" மட்டுமே இருந்தால் அங்கே மனப்பாடம்தான் நடக்கிறது. "இந்த வாதம் நிற்குமா?" என்ற மாதிரி ஒரு கேள்வி இருந்தாலும் நல்ல அறிகுறி.

மூன்றாவது, சேரும் வழி: பிளஸ் டூ மதிப்பெண் போதுமா, தனித் தேர்வா, கட்டுரையும் நேர்காணலுமா? நான்காவது, மூன்று நான்கு வருடத்துக்கான மொத்தப் பணம். கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கடைசியாக, படிப்பு முடிந்த பிறகு எந்தக் கதவு திறக்கும் என்பது.

வேலை பற்றி ஒரு வார்த்தை. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2, யுபிஎஸ்சி, வங்கித் தேர்வு எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம். 2013 முதல் அறவியலுக்கென்று ஒரு பொதுத்தாளும் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். பள்ளிகளில் தத்துவம் என்று தனிப்பாடம் கிட்டத்தட்ட இல்லை, பி.எட். சேர்க்கையிலும் இந்தப் பாடத்துக்கு முதுகலை கேட்கிறார்கள். இது நான்கு வழிக்கும் பொது என்பதால் திரும்பச் சொல்லப் போவதில்லை.

## தமிழ்நாட்டுக் கல்லூரி

இங்கே பிஏ தத்துவம் இருக்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான். சென்னைப் பக்கம் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, மதுரைப் பக்கம் கருமாத்தூரில் அருளானந்தர் கல்லூரி ஆகியவை தெரிந்த பெயர்கள். கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன். அவர் தேடிப்போய் எடுத்த பாடமல்ல அது. கையில் காசில்லாத மாணவர். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், பாடம் முடிவாகிவிட்டது. ஏன் தத்துவம் என்று கேட்டால் உருக்கமாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று பயப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சேர்வது எளிது. தன்னாட்சிக் கல்லூரிகள் தனித்தனியாக இணையத்தில் விண்ணப்பம் வாங்குகின்றன. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே இணையதளம். இரண்டிலும் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. எந்தக் குரூப் படித்திருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. உயிரியல் படித்துவிட்டு நீட் பக்கம் போகப் பிடிக்காமல் இங்கே வருகிறவர்களும் உண்டு. இடஒதுக்கீடு தமிழ்நாட்டின் 69 சதவீதக் கணக்கில் நடக்கும். உங்களிடம் இருக்கும் ஜாதிச் சான்றிதழே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

பலர் கவனிக்காத ஒன்று: பழைய கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு ஓடும். தத்துவம் போன்ற பழைய துறைகள் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில்தான் இருக்கும். அதே வளாகத்தில் சுயநிதியில் கட்டும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் இங்கே. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று சரியாகக் குறித்திருக்கிறீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பஸ், டிபன், ஜெராக்ஸ் செலவுக்கு அது பெரிய விஷயம்.

படிப்பில் இன்னொரு ஆதாயம் உண்டு. முதல் இரண்டு வருடம் பகுதி ஒன்றில் தமிழ் இலக்கியம் கூடவே வரும். சைவ சித்தாந்தம், திருக்குறளின் அறம் போன்றவை பாடத்துக்குள் வர இங்கே வாய்ப்பு அதிகம். டெல்லியில் இந்தியத் தத்துவம் என்றால் பெரும்பாலும் சமஸ்கிருத, பாலி மரபுகள்தான்.

மறைந்திருக்கும் விலை வகுப்பறையில் இருக்கிறது. வேறு பாடத்துக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் தத்துவத்துக்கு வந்தவர்கள் உங்கள் பெஞ்சில் இருப்பார்கள். அவர்கள் மோசமானவர்கள் அல்ல. சிலர் இரண்டாம் வருடத்தில் பாடத்தில் விழுந்தே விடுவார்கள். ஆனால் முதல் வருடம் தனியாகப் படிப்பதுபோலத் தோன்றும். அப்புறம் பட்டம் மூன்று வருடம்தான். தேசியக் கல்விக் கொள்கையின் நான்கு வருட முறையைத் தமிழ்நாடு எடுக்கவில்லை. இங்கேயே எம்.ஏ. படிப்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. நான்கு வருடப் பட்டம் கேட்கும் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நேராகப் போக நினைப்பவர் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கும்.

## டெல்லிப் பல்கலைக்கழகம், க்யூட் வழியாக

2022 முதல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து வழக்கமான இளங்கலை சேர்க்கை கிடையாது. தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் மதிப்பெண்தான். பிளஸ் டூவில் பாஸ் செய்திருக்க வேண்டும், அவ்வளவே. இது தமிழ்நாட்டு மாணவருக்கு நல்லதா கெட்டதா என்ற அரசியல் விவாதம் ஒருபக்கம் நடக்கட்டும். விண்ணப்பிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறை வேறு.

க்யூட்டில் தத்துவம் என்றொரு பாடமே கிடையாது. பிஏ ஆனர்ஸ் தத்துவத்துக்கு ஒரு மொழித்தாளும் மூன்று பாடத்தாள்களும், அல்லது மொழி, இரண்டு பாடம், க்யூட்டின் பொதுத் திறனறித் தாள் என்ற கூட்டும்தான் கேட்கிறார்கள். அந்தப் பாடங்கள் நீங்கள் பிளஸ் டூவில் படித்தவையாக இருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், கணிதம் எழுதியும் தத்துவத்தில் சேரலாம். மொழித்தாளாகத் தமிழும் இருக்கிறது. மற்ற பாடங்களின் வினாத்தாளையும் தமிழில் கேட்டு வாங்கலாம். 2025 முறைப்படி ஒவ்வொரு தாளிலும் 50 கேள்வி, 60 நிமிடம், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. எந்தத் தாள்களின் கூட்டு எந்தப் படிப்புக்கு என்பதை அந்தந்த ஆண்டின் தகவலேட்டில் பார்த்த பிறகே பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு எழுதி முடித்த பிறகு பாடத்தை மாற்ற வழியில்லை.

இங்கே நம் பிள்ளைகள் தவறவிடும் இடம் தேதி. விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்போ தேர்வு நடக்கும் நாட்களிலோ திறந்து மூடிவிடுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர் ரிசல்ட் வந்த பிறகு, மே மாதம், "டெல்லி பார்க்கலாமா" என்று கேட்கும்போது கதவு சாத்திப் பல வாரம் ஆகியிருக்கும். கேள்விகளும் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டி வருபவை. எனவே பிளஸ் டூ ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முடிவெடுக்காதவர்களுக்கு அந்த ஆண்டு இந்த வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூட் எழுதினால் மட்டும் இடம் வந்துவிடாது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீட்டுத் தளத்தில் தனியாகப் பதிந்து, கல்லூரியையும் படிப்பையும் இணை இணையாக விருப்ப வரிசையில் போட வேண்டும். இந்து, மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், செயின்ட் ஸ்டீபன்ஸ் போன்றவற்றில் தத்துவம் இருக்கிறது. இவற்றில் மிராண்டாவும் லேடி ஸ்ரீராமும் பெண்கள் கல்லூரிகள். ஸ்டீபன்ஸில் கிறிஸ்தவப் பிரிவு இடங்களுக்கு நேர்காணலும் உண்டு. இடம் ஒதுக்கியதும் குறித்த நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு பணம் கட்டாவிட்டால் வரிசையிலிருந்தே வெளியே போய்விடுவீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு "மேலே கிடைத்தால் மாற்று" என்று விடலாம், "இதுவே போதும்" என்று நிறுத்தலாம். நம் ஊர் பொறியியல் கலந்தாய்வு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அரசியல் அறிவியல், வரலாறு, ஆங்கிலம் ஆகியவற்றைவிடத் தத்துவத்துக்குக் கட் ஆஃப் வழக்கமாகக் குறைவாகவே நிற்கும். அதனால் பெரிய கல்லூரியின் பெயருக்காகத் தத்துவத்தைப் பட்டியலில் போடுகிறவர்கள் அங்கேயும் நிறைய. வகுப்பில் எல்லோரும் விட்கென்ஸ்டைன் மாதிரி பெரிய தத்துவவாதி ஆகும் கனவோடு வந்திருப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். ஆனாலும் பக்கத்துக் கல்லூரிகளில் கருத்தரங்கு, விவாத மன்றம், நூலகம், எதிர்த்துப் பேசும் சீனியர்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கிறார்கள். வடக்கு வளாகத்தின் உண்மையான பலம் அதுதான். அதைப் பயன்படுத்தக் கூச்சப்படும் பிள்ளைக்கு டெல்லியால் பாதிப் பலன்தான்.

இனி பணம். கல்விக் கட்டணம் தனியார் கல்லூரிகளோடு பார்த்தால் குறைவு. செலவு தங்குமிடத்தில். பல கல்லூரிகளில் ஹாஸ்டலே இல்லை, இருக்கும் கல்லூரிகளிலும் இடம் கொஞ்சம்தான். வெளியே பிஜி (தனியார் தங்குமிடம்) எடுத்தால் சாப்பாட்டோடு மாதம் பத்தாயிரத்துக்குக் குறைந்து நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். வடக்கு வளாகத்தில் அதைத் தாண்டும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 33 மணி நேரப் பயணம், வருடத்துக்கு இரண்டு முறையாவது. டிசம்பருக்கு முன் ரஜாயும் (பஞ்சு வைத்த தடித்த போர்வை) ஸ்வெட்டரும் வாங்கியாக வேண்டும். ஊரில் கிடைக்கும் அந்த 1,000 ரூபாய் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிப்போரை மனத்தில் வைத்த திட்டம் என்பதால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சான்றிதழ் விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன், இதில் கோட்டைவிடுகிறவர்கள் அதிகம். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயருக்குள் (வசதி படைத்த பிரிவு) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றல்ல. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறைப் படிகளைத் தாண்டி வர நாளாகும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் நடைமுறையில் இல்லாத பொருளாதார ஒதுக்கீடு அங்கே 10 சதவீதம் உண்டு; பொதுப்பிரிவில் வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அந்தச் சான்றிதழையும் தனியாக வாங்க வேண்டும்.

பட்டம் நான்கு வருடம், மூன்றாவது முடிவில் ஆனர்ஸோடு வெளியேறலாம். நான்கும் முடித்து 75 சதவீதம் எடுத்தால், பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி முதுகலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. ஆராய்ச்சிதான் என்று இப்போதே தெளிவாக இருப்பவருக்கு இது ஒரு வருடம் மிச்சம். அப்படி இல்லாதவர் மூன்றில் முடித்துக்கொண்டு செலவைக் குறைக்கலாம்.

## அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகம்

ஹரியானாவில் சோனிபத்தில் இருக்கிறது அசோகா, 2014இல் தொடங்கியது. சேரும்போதே தத்துவம் என்று எழுதித் தர வேண்டியதில்லை. முதலில் பொதுப் பாடங்கள், பிறகு மேஜர் என்ற முதன்மைப் பாடம். பிடிக்குமா பிடிக்காதா என்று தெரியாதவர்களுக்கு நான்கு வழியிலும் இதுதான் வசதி. வாராவாரம் வாசிப்பு, கட்டுரை, திருத்தம் என்று நான் மேலே சொன்ன அளவுகோலில் முன்னால் நிற்பதும் இதுதான்.

ஆனால் ஹாஸ்டல், சாப்பாட்டோடு சேர்த்து வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்து நிதியுதவி தருகிறார்கள், பெரும்பாலும் மதிப்பெண்ணைப் பார்த்து அல்ல. அதற்கு வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை என்று ஒரு கட்டுத் தாள் கேட்பார்கள். அப்பா மளிகைக் கடையோ விவசாயமோ செய்து, கணக்கு எதுவும் எழுத்தில் இல்லாத வீடுகளில் இதைத் திரட்டுவதுதான் பெரிய வேலை. விண்ணப்பம் சுற்றுச் சுற்றாக நடக்கும். கட்டுரை, திறனறித் தேர்வு, நேர்காணல் எல்லாம் ஆங்கிலத்தில். முதல் சுற்றுகளில் போடுவது நல்லது.

என் கருத்து வெட்டவெளிச்சமானது: பெரும்பகுதி உதவி எழுத்தில் வந்தால் போங்கள். வராவிட்டால் கல்விக் கடன் வாங்கித் தத்துவம் படிக்காதீர்கள். இந்தப் படிப்பு முடித்தவருக்கு முதல் ஐந்து வருடச் சம்பளம் அந்தத் தவணையைத் தாங்காது.

## வேறு டிகிரி, தத்துவம் பிறகு

இதைச் சொன்னால் ஆர்வமுள்ள பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். "தள்ளிப்போடச் சொல்றீங்க" என்பார்கள். உண்மையில் இது நான்கில் மிகவும் மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படும் வழி. ஹைதராபாத், புதுச்சேரி, ஜேஎன்யு போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. தத்துவத்துக்கு வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் வரலாம். கணிதம் படித்தவருக்குத் தர்க்கவியலிலும், இலக்கியம் படித்தவருக்கு மூல நூல் வாசிப்பிலும் ஏற்கெனவே கை பழகியிருக்கும். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் படித்தால் செலவும் குறைவு, வீட்டுச் சண்டையும் குறைவு.

கூடவே தொலைநிலையில் படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, இருக்கிறது. ஒரு பட்டத்தை நேரில் படித்துக்கொண்டே இன்னொன்றைத் தொலைநிலையில் படிக்க 2022இல் யுஜிசி அனுமதி தந்தது. பகலில் பி.காம்., இக்னோ பிஏ-வில் தத்துவம் என்று எடுக்க முடியும். ஜனவரி, ஜூலை என இரண்டு சேர்க்கை. மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட், மீதி தேர்வு. பாடப் புத்தகங்கள் தெளிவானவை. வேறு கல்லூரி மாணவர்களும் வாங்கிப் படிக்கிறார்கள். குறை என்னவென்றால் பேச ஆள் இருக்காது. அசைன்மென்டில் மதிப்பெண் வரும், எதிர்வாதம் வராது. சென்னையில் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனத்துச் சொற்பொழிவுகளுக்குப் போய் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| | தமிழ்நாடு | டெல்லி | அசோகா | வேறு டிகிரி + இக்னோ |
|---|---|---|---|---|
| சேரும் வழி | பிளஸ் டூ மதிப்பெண் | க்யூட், பிறகு ஒதுக்கீடு | கட்டுரை, தேர்வு, நேர்காணல் | மதிப்பெண். இக்னோவில் நேரடிப் பதிவு |
| எப்போது முடிவெடுப்பது | ரிசல்ட்டுக்குப் பிறகும் முடியும் | டிசம்பருக்குள் | அதற்கும் முன்பே | எப்போதும் |
| பெரிய செலவு | போக்குவரத்து அல்லது ஹாஸ்டல் | தங்குமிடம் | எல்லாமே | நேரம் |
| யாருக்கு | தமிழ்வழி மாணவர், செலவு பார்க்கிறவர் | ஆங்கில வாசிப்பு பழகியவர், ஆராய்ச்சி நோக்கம் | உதவித்தொகை கிடைத்தவர், பாடம் முடிவாகாதவர் | வீட்டில் ஒப்புதல் இல்லாதவர் |

## இரண்டு இடத்தில் போட்டால்

பலர் தமிழ்நாட்டிலும் டெல்லியிலும் சேர்த்தே விண்ணப்பிக்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். சிக்கல் காலண்டரில். இங்கே ஜூன், ஜூலையில் வகுப்பு தொடங்கிவிடும். 2024இல் டெல்லியில் முதலாண்டு வகுப்பு ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்கியது. நடுவில் இங்கே சேர்ந்து, பணம் கட்டி, டிசியும் (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்துவிட்டு, அங்கே இடம் வந்ததும் விலக வேண்டிவரும்.

விலகுகிறவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி ஆண்டுதோறும் கடைசித் தேதியோடு அறிவிக்கிறது. மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதன் உத்தரவு. ஆனால் அலுவலகத்தில் போய் நின்றால் "பிரின்சிபால் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அதனால் சேரும் நாளிலேயே எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டிசியின் சான்றொப்பமிட்ட நகல் இரண்டு எடுங்கள். கட்டணத்தை வங்கி வழியாகவே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். டெல்லி ஒதுக்கீட்டுத் தளத்தில் பணம் கட்டி, சேர்க்கை உறுதி என்று காட்டும் வரை இங்கே விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.